கச்சேரி போட்டு ஊர் சேர்த்தவர்கள்

1952ல் கேரளத்துக் கதகளிக் கலைஞர் ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். வழியில் சிங்கப்பூரில் இறங்கினார். இறங்கியவர் மேற்கொண்டு போகவேயில்லை. கே.பி.பாஸ்கர் என்ற அந்த இளைஞர் அதே ஆண்டில் இங்கே ஒரு நடனப் பள்ளியைத் தொடங்கிவிட்டார். அந்த 1952ன் பொங்கலை ஒட்டித்தான் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ.சாரங்கபாணியும், சாதி மதம் பார்க்காமல் தமிழர் எல்லாரும் ஒரே பந்தலில் கூட வேண்டும் என்று 'தமிழர் திருநாள்' என்ற விழாவைத் தொடங்கிவைத்தார்.

ஒருவர் ஆட்டக்காரர், மற்றவர் பத்திரிகைக்காரர். இருவரும் செய்த வேலையை இன்றைய வழக்கில் சொன்னால் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் வேலை. இடம் பிடிக்க வேண்டும், கலைஞரைக் கூட்டிவர வேண்டும், பணம் புரட்ட வேண்டும், சனத்தை வரவழைக்க வேண்டும். கடைசியாக ஒன்று இருக்கிறது, அதுதான் கடினம்: வந்தவர்களை அடுத்த முறையும் வரவைக்க வேண்டும். முதல் நான்கையும் செய்துவிட்டு ஐந்தாவதைக் கோட்டைவிட்டவர்கள் ஏராளம். சிங்கப்பூரில் தமிழர்கள் வாழும் விதத்தைப் பார்த்தால், அந்த ஐந்தாவது வேலை இங்கே ஏன் இவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

எல்லாத் திசையிலும் ஒரு வீடு

லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்து பார்ப்பவர்கள், சிங்கப்பூர்த் தமிழர்கள் எல்லாரும் தேக்கா எனப்படும் அந்த வட்டாரத்தைச் சுற்றித்தான் குடியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மை வேறு. அவர்களில் பெரும்பாலோர் தீவெங்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் பரவி வாழ்கிறார்கள். பரவவேண்டும் என்பதே அரசின் ஏற்பாடு. 1989ல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி, ஒவ்வொரு பேட்டையிலும் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. இந்தியருக்கும் பிற இனத்தவருக்கும் சேர்த்து 2010 முதல் அந்த வரம்பு பேட்டைக்கு 12 விழுக்காடு, புளோக்குக்கு 15 விழுக்காடு.

கிழக்கே தெம்பனிசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் மணல் குவாரிகளும் பண்ணைகளும் இருந்த இடம். புதுநகரமாக எழுந்து, 1992ல் உலக வாழ்விட விருது வாங்கியது. இன்று இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் அங்கே வசிக்கிறார்கள். அவர்களுக்கிடையே தமிழ்க் குடும்பங்களும் நிறைய. ஆனால் தமிழ்த் தெரு என்று ஒன்று அங்கே இல்லை. எட்டாவது மாடியில் ஒரு குடும்பம், இரண்டு புளோக் தள்ளி பதின்மூன்றாவது மாடியில் இன்னொன்று. மின்தூக்கியில் பார்த்தால் வணக்கம், அவ்வளவுதான்.

1970கள் வரை நிலைமை இப்படி இல்லை. செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தைச் சுற்றியும், தஞ்சோங் பகாரில் துறைமுகம், ரயில்வே குடியிருப்புகளைச் சுற்றியும் தமிழரும் மலையாளிகளும் கூட்டமாக வாழ்ந்தார்கள். நாடகம் போட நினைத்தால் பக்கத்து வீட்டுக்காரரே நடிகர், எதிர்வீட்டுக்காரரே ரசிகர். 1971ல் பிரிட்டிஷ் படை வெளியேறியது. கம்பங்கள் எனப்பட்ட கிராமங்களும் குடியிருப்புகளும் ஒவ்வொன்றாகக் கலைந்து, மக்கள் புதுநகரங்களுக்குப் போனார்கள். வீடு வசதியாக அமைந்தது. கூடுவதற்குத்தான் இனி யாராவது முயற்சி எடுக்க வேண்டியிருந்தது.

மொழியின் நிலையும் இதோடு சேர்ந்து நிற்கிறது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர்களில் 36.7 விழுக்காட்டினர் வீட்டில் பெரும்பாலும் பேசுவது தமிழ் என்றார்கள். 2020ல் அது 27.9 விழுக்காடாகக் குறைந்துவிட்டது, ஆங்கிலம் 59.2 விழுக்காட்டைத் தொட்டது. பக்கத்து வீட்டிலும் தமிழ் கேட்காது, சொந்த வீட்டிலும் குறைந்துவருகிறது என்ற நிலையில், நூறு பேர் தமிழில் சிரித்துக் கைதட்டும் ஒரு மாலையை உருவாக்குபவருடைய பொறுப்பு, பாட்டுக் கச்சேரி நடத்துவதைவிடப் பெரியதாகிவிடுகிறது.

சீட்டு வாங்கி உள்ளே போன உலகம்

நிகழ்ச்சி ஏற்பாடு என்ற இந்தத் தொழிலின் முதல் பெரிய பள்ளிக்கூடம் லிட்டில் இந்தியாவின் ஓரத்திலேயே இருந்தது. 1923ல் ஓங் பூன் டாட், ஓங் பெங் ஹோக் என்ற சகோதரர்கள் ஜாலான் புசாருக்கும் சிராங்கூன் சாலைக்கும் நடுவே 'நியூ வோர்ல்டு' கேளிக்கைப் பூங்காவைத் திறந்தார்கள். பின்னர் 'கிரேட் வோர்ல்டு', 'ஹேப்பி வோர்ல்டு' என்று இன்னும் இரண்டு வந்தன. சில காசு கொடுத்து உள்ளே போனால் மலாய் பங்சாவான் நாடகம், சீன இசைநாடகம், திரைப்படம், குத்துச்சண்டை, நடன அரங்கு என ராத்திரி முழுக்கப் பொழுது போகும். பிற்காலத்தில் இந்தித் திரையுலகில் கொடிகட்டிப் பறந்த மல்யுத்த வீரர் தாரா சிங், 1940களின் கடைசியில் சிங்கப்பூரில் ஆலைத் தொழிலாளியாக இருந்துகொண்டு இத்தகைய பூங்காக்களின் அரங்கில்தான் மல்யுத்தம் பயின்றார்.

பூங்கா முதலாளிகளுக்குச் சமூக நோக்கம் எதுவும் கிடையாது. எல்லா இனத்தவரும் சீட்டு வாங்கவேண்டும், அவ்வளவே. அதனாலேயே எல்லா இனத்தவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் நியூ வோர்ல்டில் முளைத்த சீனப் பாட்டு மேடையான 'கெத்தாய்', இன்றும் ஆவிகளுக்குப் படையலிடும் சீனர்களின் ஏழாம் மாதத்தில் பேட்டைகளின் திடல்களில் நடக்கிறது. ஆவிகளுக்கென்று முதல் வரிசை நாற்காலிகளை விட்டுவைத்துவிட்டு, மற்ற வரிசைகளில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். நுழைவுக் கட்டணம் இல்லை.

1963ல் தொலைக்காட்சி வந்தது. பூங்காக்களுக்கு அங்கிருந்து இறங்குமுகம். நியூ வோர்ல்டு இருந்த இடத்தில் 2009ல் சிட்டி ஸ்குவேர் மால் திறக்கப்பட்டது. பழைய பூங்காவின் நினைவாக அதன் வாயில் வளைவு மட்டும் அங்கே நிற்கிறது.

முரசு ஆசிரியரின் மேடை

சாரங்கபாணி திருவாரூரில் 1903ல் பிறந்தவர். 1924ல் சிங்கப்பூர் வந்தார். பெரியாரின் சுயமரியாதைக் கருத்துகளில் ஈடுபாடு கொண்டு, 1932ல் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் முன்னின்றார். 1935 ஜூலையில் 'தமிழ் முரசு' பிறந்தது. தொடக்கத்தில் ஒரு காசுக்கு விற்ற வார இதழ் அது.

அன்றைய சிங்கப்பூர்த் தமிழர்களுக்குச் சங்கங்களுக்குக் குறைவில்லை. ஊர்ப் பெயரில் ஒன்று, சாதியின் பெயரில் ஒன்று, கோயிலைச் சுற்றி ஒன்று, பள்ளிவாசலைச் சுற்றி ஒன்று. ஒருவர் விழாவுக்கு மற்றவர் போவது அபூர்வம். 1951ல் தமிழர் பிரதிநிதித்துவ சபை உருவானபோது, இவர்களை எந்த மேடையில் ஒன்றாக உட்காரவைப்பது என்பதுதான் சாரங்கபாணிக்கு முன்னிருந்த கேள்வி. தீபாவளி என்றால் இந்துக்களோடு நின்றுவிடும். பொங்கல் அறுவடை விழா. முஸ்லிமும் கிறிஸ்தவரும் வருவதற்குத் தடையில்லை. அந்த நாளைப் பிடித்துக்கொண்டு பேச்சு, பாட்டு, நாடகம், போட்டிகள் என்று ஒரு திருவிழாவாக்கினார்.

இங்கே கவனிக்க வேண்டியது அவர் கையாண்ட முறை. தமிழகத்துப் புகழ்பெற்ற பாடகர் ஒருவரை வரவழைத்துக் கூட்டம் சேர்த்திருக்கலாம். அவர் நம்பியது போட்டிகளை. பிள்ளை மேடையேறுகிறது என்றால் அப்பா, அம்மா, தாத்தா, சித்தப்பா எல்லாரும் வந்தாக வேண்டும். பிள்ளை பரிசு வாங்கினால் அடுத்த வருடம் தம்பியும் மேடையேறுவான். 1950களில் முரசு நடத்திய 'மாணவர் மணிமன்றம்' இதே வழியில் பத்திரிகை வாசகரான பிள்ளைகளை எழுத்தாளர்களாகவும் பேச்சாளர்களாகவும் வளர்த்தது. சிங்கப்பூர்த் தமிழ் எழுத்துலகின் மூத்த தலைமுறையில் பலர் அங்கிருந்து வந்தவர்கள்.

கூட்டம் ஒருமுறை பழகிவிட்டால் அதனிடம் வேறு காரியமும் கேட்கலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறையில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று போராடிய சாரங்கபாணி, 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டினார். எளிய தொழிலாளர்களும் அதற்குக் கொடுத்தார்கள். ஆண்டுதோறும் ஒரு பந்தலில் சந்தித்துப் பழகியவர்களிடம் கையேந்துவது சுலபம்.

அரசு நடத்திய கச்சேரி

1959ல் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. கலாசார அமைச்சர் எஸ்.ராஜரத்னம், யாழ்ப்பாணத்தில் பிறந்த பத்திரிகையாளர். பதவியேற்ற கையோடு, அந்த ஆகஸ்டில் பூமலை எனப்படும் தாவரவியல் பூங்காவில் 'அனேகா ராகம் ராயாட்' என்ற மக்கள் கலைநிகழ்ச்சி தொடங்கியது. ஒரே மேடை; சீன, மலாய், இந்திய, மேற்கத்தியக் கலைகள் அடுத்தடுத்து. சீனப் பாட்டுக்கு வந்தவர் பரதநாட்டியத்தையும் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும். இனக் கலவர அச்சம் தீராத காலத்தில், அடுத்தவர் கலையைச் சும்மாவேனும் ஒருமுறை பார்த்துவையுங்கள் என்று அரசே ஏற்பாட்டாளராக மாறிச் செய்த முயற்சி அது.

அந்த மேடைகளுக்கு ஏற்ற ஆள்களாக கே.பி.பாஸ்கரும், 1955ல் மணம் முடித்துச் சிங்கப்பூர் வந்த அவர் மனைவி சாந்தாவும் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள். சாந்தா பாஸ்கர் 1958லேயே சீனர்களின் புகழ்பெற்ற காதல் கதையான 'பட்டாம்பூச்சிக் காதலர்களை' பரதநாட்டியமாக வடிவமைத்தவர். அரங்கில் சீனர்களும் இருப்பார்கள் என்று எண்ணி, அவர்களுக்குத் தெரிந்த கதையைத் தன் கலையில் சொல்லியிருக்கிறார். பிறகு 1990ல் கலாசாரப் பதக்கம் பெற்றார். 1977 முதல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக மாணவர் நடனக் குழுவை வழிநடத்தினார். பாஸ்கர் 2013லும், சாந்தா 2022 பிப்ரவரியில் தம் 82ஆம் வயதிலும் மறைந்தார்கள். வழிப்பயணியாக வந்தவர் தொடங்கிய பள்ளி எழுபதாண்டைக் கடந்து நடக்கிறது.

அதே காலத்தின் இன்னொரு சுவாரஸ்யம் தேசிய அரங்கம். ஃபோர்ட் கேனிங் சரிவில் 1963 ஆகஸ்டில் திறக்கப்பட்ட இந்த அரங்கில் 3,420 இருக்கைகள். கட்டுமானச் செலவில் ஒரு பங்கை 'ஒரு வெள்ளிக்கு ஒரு செங்கல்' என்று பொதுமக்களிடம் வசூலித்தார்கள். மீ ஹூன் விற்றவரும் டாக்சி ஓட்டியவரும் தம் பங்குக்கு ஒரு செங்கல் வாங்கியபின், அந்த அரங்கில் நடக்கும் எதுவும் தம் வீட்டு விசேஷம் என்றாகிவிடும் இல்லையா? 1986ல் அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டது.

கணக்குப் புத்தகம் என்ன சொல்கிறது?

இன்று தமிழ் இசை நிகழ்ச்சி நடத்துபவருக்குச் சிங்கப்பூரில் இரண்டு பாதைகள் திறந்திருக்கின்றன.

முதலாவது, சென்னையிலிருந்து பெரிய இசையமைப்பாளரையோ பின்னணிப் பாடகரையோ அழைத்துவருவது. அரங்கம் பெரிதாக வேண்டும். 1989 இறுதியில் திறக்கப்பட்ட சிங்கப்பூர் உள்விளையாட்டரங்கில் சுமார் 12,000 பேர் உட்காரலாம். அரங்க வாடகை, கலைஞரின் சம்பளம், வாத்தியக்காரர்கள் உட்பட ஒரு பட்டாளத்துக்கு விமானச் சீட்டு, ஹோட்டல், ஒலி, ஒளி என்று செலவின் பெரும்பகுதி முதல் டிக்கெட் விற்பதற்கு முன்பே போய்விடும். தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் கலை, கேளிக்கை உரிமம் வாங்க வேண்டும். மேடையில் பாடப்படும் பாடல்களுக்கு, 1987ல் அமைந்த 'கம்பாஸ்' உரிமைச் சங்கத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். தொண்டை கட்டிய ஒரு பாடகர் போதும், வருடச் சம்பாத்தியம் போய்விடும். நிகழ்ச்சி வெற்றி பெற்றாலும், ராத்திரி பதினொரு மணிக்கு அரங்கைவிட்டு வெளியேறும் ஆயிரக்கணக்கானோரை இணைக்கக் கைத்தொலைபேசிக் காணொளியைத் தவிர வேறு எதுவும் மிஞ்சுவதில்லை.

இரண்டாவது பாதை மெதுவானது. உள்ளூர்ப் பிள்ளைகளை வைத்து, சிறிய இடத்தில், திரும்பத் திரும்ப நடத்துவது. மக்கள் கழகம் 1985ல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய இசைக்குழு, லலிதா வைத்தியநாதன் தலைமையில் வீணையும் சித்தாரும் மிருதங்கமும் வயலினும் சேர்ந்த கூட்டிசையைச் சமூக மன்றங்கள்வரை கொண்டுபோனது. 1980களின் கடைசியிலும் 90களிலும் உள்ளூர் இசைக்கலைஞர் முகமது ரஃபியின் 'வசந்தம் பாய்ஸ்' குழுவுக்கு இங்கே சொந்த ரசிகர் கூட்டமே இருந்தது. 1992ல் தொடங்கிய 'ருத்ரா' என்ற ஹெவி மெட்டல் குழு வேதாந்தத்தை இரும்பு இசையில் பாடி, வெளிநாட்டு ரசிகர்களையும் பிடித்தது. 2005ல் தொலைக்காட்சியின் முதல் 'வசந்தம் ஸ்டார்' போட்டியில் வென்ற ஷபிர், 2012ல் 'சிங்கை நாடு' என்ற தேசிய தினப் பாடலைத் தந்தார். 1960களில் எஸ்.ஜேசுதாசன் எழுதிய 'முன்னேறு வாலிபா'வுக்குப் பிறகு தமிழறியாத பிள்ளைகளின் வாயிலும் நுழைந்த தமிழ்ப் பாட்டு அது.

எஸ்பிளனேட் கலையரங்கம் 2002ல் திறந்ததுமே தொடங்கிய 'கலா உத்சவம்' இந்த இரு பாதைகளையும் இணைத்துப் பார்த்தது. இந்தியாவிலிருந்து வரும் பெரிய பெயர்களுக்கு உள்ளரங்கில் கட்டண நிகழ்ச்சி. அதே வாரத்தில் உள்ளூர்க் கலைஞர்களுக்குக் கடலோர மேடையில் இலவச நிகழ்ச்சி. பெரிய பெயருக்காக வந்தவர் போகிற வழியில் உள்ளூர்ப் பையனின் கஞ்சிராவையும் கேட்டுவிட்டுப் போவார்.

இசைக்கு அனுமதி வாங்குவதே ஒரு சமூகத்தின் நீண்ட வேலையாக அமைந்த கதையும் உண்டு. தைப்பூசப் பாதயாத்திரையில் வாத்தியம் வாசிக்க 1973 முதல் தடை இருந்தது. பல ஆண்டுகள் கோரிக்கை வைத்தபின், 2016 தைப்பூசத்தில் பாதையின் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு இந்து அறக்கட்டளை வாரியம் ஏற்பாடு செய்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு காவடிக்காரர்களின் காலுக்கு நாதஸ்வரமும் தவிலும் அங்கே துணைவந்தன.

கூட்டம் கைமீறினால்

ஆள் சேர்ப்பதையே குறியாக வைத்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழுலகம் அண்மையில் இரண்டுமுறை பார்த்துவிட்டது. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' கச்சேரி. மழையால் ஆகஸ்டிலிருந்து தள்ளிவைக்கப்பட்ட நிகழ்ச்சி. காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய பலரால் உள்ளே நுழையவே முடியவில்லை. நெரிசலில் பெண்களும் பிள்ளைகளும் தவித்தார்கள், சாலை மணிக்கணக்கில் அடைத்துக்கொண்டது. ஏற்பாட்டாளர்கள் பொறுப்பேற்றார்கள், ரஹ்மான் டிக்கெட் நகலை அனுப்பச் சொல்லிப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார். ஐந்து மாதம் கழித்து, 2024 பிப்ரவரி 9ல், யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சியில் கூட்டம் தடுப்புகளைத் தாண்டி உள்ளே புகுந்து, கச்சேரி நடுவில் நின்றது.

இரண்டு இடத்திலும் பாட்டில் குறையில்லை. வாசலில்தான் குறை. எந்தக் கதவு வழியாக எத்தனை பேர், வண்டி எங்கே நிற்கும், தண்ணீர் எங்கே கிடைக்கும், வயதானவர் எங்கே உட்காருவார் என்ற சின்னச் சின்ன விஷயங்களில் ஏற்பாட்டாளர் தன் ரசிகரை என்னவாக நினைக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

எதிர்ப்பக்கத்து உதாரணத்துக்கு அமெரிக்காவின் கிளீவ்லாந்து. 1978ல் ஒரு தேவாலயத்தின் நிலவறையில், சில குடும்பங்கள் சேர்ந்து தியாகராஜர் ஆராதனை நடத்தின. வி.வி.சுந்தரம், 'கிளீவ்லாந்து பாலு' என்று அழைக்கப்படும் பாலசுப்பிரமணியம் போன்றோர் அதை ஆண்டுதவறாமல் பிடித்து நடத்தியதில், இன்று அது பத்து நாள்களைத் தாண்டி நீளும் பெருவிழா. சென்னை வித்வான்கள் அங்கே பாடுவது பெருமை என்று நினைக்கிறார்கள். ஆனால் விழாவைத் தாங்கி நிற்பது தொண்டூழியர்களின் சமையலும் பிள்ளைகளுக்கான சங்கீதப் போட்டிகளும்தான். 1952ல் சாரங்கபாணி கண்டுபிடித்த அதே உத்தி, கடல் கடந்து வேறொரு ஊரில் வேறு ஆள்களுக்கும் பலித்திருக்கிறது.

தெம்பனிசுக்கு ரயில் வந்தபின்

2017ல் தெம்பனிசுக்கு இரண்டு விஷயங்கள் வந்தன. ஆகஸ்டில் 'நம் தெம்பனிஸ் நடுவம்' திறக்கப்பட்டது. பழைய தெம்பனிஸ் விளையாட்டரங்கம் இருந்த இடத்தில், சுமார் 50 கோடி வெள்ளிச் செலவில், 15,000க்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கேட்டுக் கட்டிய வளாகம் அது. நூலகம், நீச்சல் குளங்கள், 24 மணி நேர உணவங்காடி நிலையம், 5,000 பேர் உட்காரக்கூடிய காற்பந்துத் திடல், கலையரங்கம் எல்லாம் ஒரே கூரையைச் சுற்றி. அக்டோபரில் டௌன்டவுன் ரயில் பாதை தெம்பனிஸ் வரை நீண்டது. அந்தப் பாதையில் லிட்டில் இந்தியாவும் ஒரு நிலையம். வண்டி மாறாமலே போய்வரலாம்.

ரயில் இருபக்கமும் ஓடும். தெம்பனிஸ்வாசி தீபாவளிக்குப் புடவை எடுக்கவும் ஒளியூட்டைப் பார்க்கவும் சுலபமாகத் தேக்காவுக்குப் போய்விடுவார். லிட்டில் இந்தியா வர்த்தகர், மரபுடைமைச் சங்கம் நடத்தும் பொங்கல் கொண்டாட்டத்தில் கேம்பல் லேனில் மாட்டைத் தொட்டுப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போவார். பேட்டைக்குள்ளேயே நிகழ்ச்சி நடத்துபவர் அதோடு போட்டி போட வேண்டியிருக்கிறது.

தெம்பனிசின் சமூக மன்றங்களில் அந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்களின் தொண்டூழியர்கள். பகலில் வங்கியிலோ பள்ளியிலோ வேலை. மாலையில் ஒலிபெருக்கி வாடகைக்கு யார் குறைத்துத் தருவார் என்று தொலைபேசி. பொங்கல், தீபாவளி, ஏப்ரலில் தமிழ் மொழி விழா என்று அவர்களின் நாள்காட்டி நிரம்பிவிடும். அவர்களுக்கு வரும் சிக்கல்களும் தனிவகை. மேடைக்கு நேர் மேலே வீடுகள் இருக்கின்றன, இரவு 10.30க்குள் சத்தம் அடங்கியாக வேண்டும். பக்கத்துக் குடியிருப்பாளர் சீனரோ மலாய்க்காரரோ, அவரும் பாதிக் கச்சேரியாவது உட்கார்ந்து பார்க்கும்படி இருக்க வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த மூன்றாம் தலைமுறைக்கு ராப் வேண்டும், தஞ்சாவூரிலிருந்து வேலைக்கு வந்த பொறியாளருக்கு இளையராஜா வேண்டும், பாட்டிக்கு பி.சுசீலா வேண்டும்.

2020ல் கொவிட் வந்தபோது மேடைகள் எல்லாம் இருண்டன. கெத்தாய் நிகழ்ச்சிகளை நடத்திவரும் ஆரோன் டான் போன்றோர் ஏழாம் மாதப் பாட்டை இணையத்தில் நேரலையாக்கினார்கள். தமிழ்க் குழுக்களும் வரவேற்பறையிலிருந்து பாடின, ஆடின. அப்போது ஒன்று புலப்பட்டது. முன்பே ஒருவரையொருவர் அறிந்த ரசிகர்கள் இருந்த குழுக்களுக்குத் திரையிலும் கூட்டம் வந்தது. கருத்துப் பகுதியில் 'அக்கா, பாப்பா எப்படி இருக்கிறாள்?' என்று விசாரிப்பு நடந்தது. பெயரை மட்டும் நம்பி டிக்கெட் விற்றவர்களுக்குப் பழைய ரசிகர் யார், எங்கே இருக்கிறார் என்பதுகூடத் தெரியவில்லை.

மேடைகள் திரும்பத் திறந்தபின் பெரிய கச்சேரிகள்தான் முதலில் வேகம் பிடித்தன. 2024 மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட் தேசிய விளையாட்டரங்கில் ஆறு இரவுகள் பாடினார். அரசும் அதற்கு மானியம் கொடுத்தது, ஹோட்டல்கள் நிரம்பின. சின்ன மேடைகளுக்கு உதவி வேறு வடிவில் வந்தது. சிங்கப்பூரின் 60ஆம் ஆண்டை ஒட்டி, 18 வயதை எட்டிய குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 100 வெள்ளி மதிப்புள்ள கலாசாரச் சலுகை வழங்கப்பட்டிருக்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல் 2028 டிசம்பர் 31 வரை உள்ளூர்க் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்கு அதைச் செலவழிக்கலாம்.

நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் பெரியவர்கள் இருவர் என்றால் கையில் 200 வெள்ளி. உள்ளூர்த் தமிழ் நாடகத்துக்கோ இசை நிகழ்ச்சிக்கோ சில தடவை போய்வர அது தாராளம். அதைச் சீன இசைநாடகத்துக்கோ ஆங்கில நாடகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ செலவழிக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. சமூக மன்றத்தில் இலவசமாகவே பார்த்துப் பழகிய எட்டாவது மாடிக் குடும்பத்தையும் பதின்மூன்றாவது மாடிக் குடும்பத்தையும், டிக்கெட் எடுத்து உள்ளூர்க் கலைஞரைப் பார்க்க வருபவர்களாக மாற்றுவதற்கு, தமிழ் ஏற்பாட்டாளர்களுக்கு 2028 கடைசிவரை அவகாசம் கிடைத்திருக்கிறது.